பத்தாம் பக்கத்து முட்டை

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தோடுதான் தனபாக்கியம் அந்தப் படப்புத்தகத்தைப் பிள்ளைகள் முன்னால் முதன்முதலில் விரித்தாள். கொண்டுவந்து கொடுத்த மேற்பார்வையாளர் புவனேஸ்வரி மேடம், "அச்சுல என்ன இருக்கோ அதை அப்படியே வாசிக்கணும். ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. படிச்சவங்க யோசிச்சு எழுதினது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தனபாக்கியம் அந்த அங்கன்வாடியில் டீச்சர் இல்லை, ஆயா. சோறு வடிப்பது, கூட்டுவது, பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பது, இதுதான் அவள் வேலை. டீச்சர் மாற்றலாகிப் போய் நாலு வருஷமாகியும் இன்னொருத்தர் வராததால் பிள்ளைகள் அவளையே டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் யாராவது கேட்டுவிட்டார்களோ என்று அவள் வாசலைப் பார்த்துக்கொள்வாள். வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது எட்டாம் வகுப்பு தேறியதாக எழுதியிருந்தாள். உண்மையில் ஏழாவது அரைப்பரீட்சைக்கு முந்தின வாரம், காய்ச்சலில் கிடந்த அம்மாவுக்குப் பதிலாகச் செங்கல் சூளைக்குப் போனவள் திரும்பப் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கவில்லை. சான்றிதழைப் பிறகு தருகிறேன் என்று சொல்லியிருந்தாள். பதினாலு வருஷமாக யாரும் கேட்கவில்லை. கேட்காத ஒவ்வொரு நாளும், நாளைக்குக் கேட்பார்கள் என்று நினைத்தபடியே படுத்தாள், அதே நினைப்போடு எழுந்தாள். கேரளாவுக்குப் போன புருஷன் போனவன்தான். இந்த வேலையும் போய்விட்டால் அவளுக்குப் பிடித்து நிற்க ஒரு கம்பும் கிடையாது.

புத்தகம் சின்னது, பத்தே பக்கம். ஒரு சிறு பெண், ஒரு ஜன்னல், ஜன்னல் திட்டில் வைக்கோல், வைக்கோலின் மேல் ஒரு முட்டை. ஒரு பக்கத்தில் மழை பெய்யும், ஒரு பக்கத்தில் வெயில் அடிக்கும், ஒரு பக்கத்தில் அந்தப் பெண்ணுக்குப் பல் விழும். பக்கத்துக்குப் பக்கம் அவள் "வந்திடுச்சா அம்மா?" என்று கேட்பாள். பக்கத்துக்குப் பக்கம் அம்மா "பொறு கண்ணு, பொறு" என்பாள். பத்தாம் பக்கத்தில் எழுத்தே இல்லை, படம் மட்டும்தான். தனபாக்கியம் ஒன்பது பக்கத்தையும் விரல் வைத்து, எழுத்துக்கூட்டி, வேர்த்து விறுவிறுத்து வாசித்து முடித்துப் பத்தாவதைத் திருப்பினால், அங்கேயும் முட்டை முட்டையாகவே இருந்தது.

"குஞ்சு எங்க டீச்சர்?" என்று கேட்டாள் கோபிகா. நாலு வயசு, முன்வரிசை, எதையும் கேட்காமல் விடமாட்டாள்.

அச்சில் இல்லாததைச் சொல்ல தனபாக்கியத்துக்குப் பயம். அதனால் ஒரு பக்கம் பின்னால் போய், அங்கிருந்த கடைசி வார்த்தையையே எடுத்துச் சொன்னாள்.

"பொறு."

மறுநாள் காலையில் அந்தப் படத்து முட்டை கொஞ்சம் புரண்டு படுத்திருந்தது. அதற்கடுத்த நாள் தொட்டுப் பார்த்தால், இப்போதுதான் பால் காய்ச்சி இறக்கி வைத்த சட்டியைப் போலக் கதகதவென்று இருந்தது. காதை வைத்தால் உள்ளே ஏதோ கால் மாற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அடுத்த முறை வந்த புவனேஸ்வரி மேடம், மற்ற மையங்களுக்குக் கொடுத்த புத்தகங்களில் பத்தாம் பக்கத்தில் மஞ்சள் குஞ்சு நிற்கிறது, இது அச்சுப்பிழை என்றார். பிறகு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "வெயில்ல வைக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

இந்தச் செய்தி அங்கன்வாடி இருந்த தகரக் குடியிருப்பு முழுக்கப் பரவ ஒரு பொழுது போதுமானதாக இருந்தது. ஏனென்றால் அங்கே ஒரு வீட்டில் இருமினால் பத்து வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள், தகரம் அவ்வளவு மெல்லிசு. ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம், கரையில் இருந்த நூற்றுநாற்பது குடும்பத்தையும் அங்கன்வாடியோடு சேர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து, மூன்றே மாதம் என்று சொல்லி அந்தப் பொட்டல் மேட்டில் இறக்கினார்கள். மூன்று மாதம் பதினோரு வருஷமாயிற்று. சாலைக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கென்று கட்ட ஆரம்பித்த வீடுகளின் தூண்கள் மட்டும் வரிசையாக நின்றன, தூண்களின் தலையில் துருவேறிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன, கம்பிகளில் காக்கை உட்கார்ந்தது. போய்க் கேட்டால் பொறுங்க என்றார்கள், எழுதிக் கேட்டால் பொறுங்க என்று எழுதினார்கள். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பெண்கள் காலிக்குடங்களோடு போய் நெடுஞ்சாலையில் உட்காருவார்கள், பேருந்துகள் இரண்டு பக்கமும் நிற்கும், யாராவது ஒருவர் ஜீப்பில் வந்து இன்னும் கொஞ்சம் பொறுங்க என்பார், அதோடு ஆறு மாதம் ஓடும்.

அப்படிப்பட்ட ஜனங்கள் அந்த முட்டையை ஏற்றுக்கொண்ட விதம்தான் சொல்ல வேண்டியது. அது எப்படிப் படத்துக்குள் உயிரோடு வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. என்ன பறவை என்றுதான் கேட்டார்கள். கோழி வளர்க்கும் பிலோமி, "வெள்ளையா இருக்கு, கோழிதான்" என்று சொல்லித் தன் அடைக்கோழியைக் கொண்டுவந்து புத்தகத்தின் மேல் உட்கார வைத்தாள். கோழியும் மறுப்புச் சொல்லாமல் இறகை அகல விரித்து உட்கார்ந்து, பிள்ளைகள் பாட்டுப் பாடும்போது கண்ணை மூடிக்கொண்டு, இருபத்தோராம் நாள் எழுந்து, தன் கடமை முடிந்தது என்பதுபோல நடந்து போய்விட்டது.

"அப்ப வாத்து" என்றார் டீக்கடை வீராசாமி. "இருபத்தெட்டு நாள்."

இருபத்தெட்டும் ஆனது.

"மயிலா இருக்கும்ணே" என்றாள் பிலோமி.

"மயிலும் அதே கணக்குதான்டி. இது நெருப்புக்கோழி. நாப்பத்திரண்டு."

"ஜன்னல்ல வந்து நெருப்புக்கோழி முட்டை போடுமா? உங்க வீட்டு ஜன்னல் அவ்வளவு பெரிசா?"

"எங்க வீட்ல ஏதுடி ஜன்னல்? இருக்கிறது ஓட்டை."

நாப்பத்திரண்டும் ஆனது, தொண்ணூறும் ஆனது. முதலை என்று சொன்னவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் காத்திருப்பது மட்டும் நிற்கவில்லை. அது உப்புப் போலச் சோற்றிலும் குழம்பிலும் கலந்துவிட்டது. குடியிருப்பில் ஆம்லெட் போடுவதை நிறுத்தினார்கள், அந்த வாசனை அதற்கு ஆகாது என்று. மதியச் சத்துணவில் கொடுக்கும் அவித்த முட்டையைப் பிள்ளைகள் தின்ன மறுத்தார்கள். ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "இதுல யாரும் இல்ல டீச்சர்" என்று உறுதி செய்துகொண்டபிறகுதான் வாயில் வைத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் வந்து பத்தாம் பக்கத்தைத் தொட்டு வயிற்றில் ஒற்றிக்கொண்டு போனார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையில் சத்தம் கூடினால் பக்கத்துத் தகரத்திலிருந்து, "மெதுவாய்யா, முட்டை நடுங்குது" என்று குரல் வரும், சண்டை அப்படியே அடங்கிவிடும். தண்ணீர் லாரி வந்தால் வரிசை தானாக நின்றது. தினமும் காலை பத்து மணிக்கு, வேலைவெட்டிக்குப் போகாதவர்கள் எல்லாரும் அங்கன்வாடி வாசலில் கூடி நிற்க, தனபாக்கியம் விரல் வைத்து, ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல், ஒன்பது பக்கத்தையும் வாசித்துப் பத்தாவதைத் திருப்பி, பொறு என்று சொல்லி மூடுவாள். எல்லாரும் கலைந்து போவார்கள். அந்த வருஷம் யாரும் நெடுஞ்சாலையில் போய் உட்காரவில்லை.

இதை முதலில் கவனித்தவர்கள் அதிகாரிகள்தான். வீடு கட்டும் இன்ஜினியர் ஒருநாள் தானாகவே வந்து, காலணியைக் கழற்றிவிட்டு, குனிந்து முட்டையைப் பார்த்தார். வீராசாமி சும்மா இருக்கவில்லை.

"ஐயா, எங்க வீட்டுச் சாவி எப்பங்கய்யா?"

இன்ஜினியர் நல்ல மனநிலையில் இருந்தார். "முட்டை பொரியட்டும்" என்றார், சிரித்துக்கொண்டே. "பொரியற அன்னைக்கே சாவி."

அவர் அதை மறந்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார். நூற்றுநாற்பது குடும்பமும் மறக்கவில்லை. சிரித்துச் சொன்னதா, சிரிக்காமல் சொன்னதா என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பதினோரு வருஷத்தில் பொறு என்பதைத் தவிர வேறொன்றை ஒரு அதிகாரி வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் தனபாக்கியம் தெருவில் நடந்தால் பெண்கள் வழிவிட்டார்கள். "நல்லா வாசி அக்கா, உன் வாயிலதான் இருக்கு" என்றார்கள். தன் வாயில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தப்பாக ஒரு எழுத்து இருந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய கவலை.

புத்தகம் வந்து எட்டு மாதம் இப்படிப் போனபின் சரஸ்வதி பூஜை வந்தது.

அன்றைக்குப் புத்தகத்தைத் தொட்டு வாசிக்கக் கூடாது. இருக்கிற புத்தகங்களை எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட வேண்டும். தனபாக்கியம் அப்படியே அடுக்கினாள். மேலே படப்புத்தகத்தைப் பத்தாம் பக்கம் விரிந்த நிலையில் வைத்தாள், முட்டைக்கும் சாமி பார்வை படட்டும் என்று பிலோமி கேட்டுக்கொண்டதால். அந்த எட்டு மாதத்தில் முட்டையிடம் யாரும் பொறு என்று சொல்லாத முதல் காலை அது. பக்கத்தில் ஒரு பெரிய அண்டா நிறையப் பொரி, கடலையும் வெல்லத்தூளும் கலந்து. இருபத்திரண்டு பிள்ளைகள் அண்டாவைப் பார்த்தார்கள். சூடம் காட்டுவதற்குள் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

"பொரி டீச்சர்!" என்றாள் கோபிகா.

"இரு, சாமி கும்பிட்டதும் தர்றேன்."

"பொரி! பொரி! பொரி!"

ஒருத்தி ஆரம்பித்ததை இருபத்திரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். தரையைத் தட்டினார்கள், தகரத்தைத் தட்டினார்கள். பொரி, பொரி, பொரி என்று அந்தக் கொட்டகையே ஒரு வாயாகிக் கத்தியது. தனபாக்கியம் சூடத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினாள். அப்போது அவள் முதுகுக்குப் பின்னால், தேங்காய் ஓட்டில் ஊசியால் குத்தினதுபோல, டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

படத்து முட்டையின் உச்சியில் புருவம் அளவுக்கு ஒரு விரிசல். விரிசலில் ஒரு எள்ளளவு மூக்கு.

சூடம் எரிந்து தட்டு சுட்டபோதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. அந்த முட்டைக்குக் காது இருக்கிறது. சொன்ன சொல்லைக் கேட்கிறது. வாத்துமில்லை, மயிலுமில்லை, கணக்கு எதுவுமில்லை. என்றைக்கோ வெளியே வரவேண்டியதை, இத்தனை காலமாக ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு, எல்லாரும் கைகட்டி நிற்க, விரல் வைத்து எழுத்துக்கூட்டி, வராதே என்று சொல்லி நிறுத்தி வைத்தது அவள் வாய்தான். அவள் மஞ்சள் துணியை எடுத்துப் புத்தகத்தை மூடினாள். பிள்ளைகளுக்கு இரண்டு கை நிறைய அள்ளிக் கொடுத்து வாயை அடைத்தாள்.

அடுத்த நாள் விஜயதசமி. அன்றைக்கு வாசித்தே ஆகவேண்டும். அதுவும் சும்மா இல்லை. பொறுமைக்கு எடுத்துக்காட்டான குடியிருப்பு என்று எழுதிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரத்தோடு புவனேஸ்வரி மேடமும் இன்ஜினியரும், படம் பிடிக்க ஒருவரும் வந்து இறங்கினார்கள். வாசலில் நிற்க இடமில்லாமல் ஜனங்கள் சாலைவரை நின்றார்கள். மேடம் முதலில் உள்ளே வந்து துணியை விலக்கிப் பார்த்தார். உடனே துணியைத் திரும்ப மூடினார். பிறகு தனபாக்கியத்தை அடுப்பங்கரைக்குக் கூட்டிப் போனார்.

"இது எப்ப ஆச்சு?"

"நேத்துங்க மேடம்."

"வெளியில தெரியுமா?"

"இல்லீங்க."

மேடம் குரலைத் தாழ்த்தினார். கோபம் இல்லை, பரிவாகத்தான் பேசினார். "இன்னைக்கு இது பொரிஞ்சா சாவி கேப்பாங்க. அந்த வீட்டுக்கு இன்னும் கூரை போடலை. போடறதுக்கு ஆளும் இல்லை. யாரைப் போய்க் கேக்கறது? சார் விளையாட்டுக்குச் சொன்னது வினையாயிடும்." அடுப்பு மேடையில் கிடந்த ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "உங்க ஃபைல் என் மேஜைக்கு வந்திருக்கு அக்கா. எட்டாவது சான்றிதழைக் காணோம். எங்கயாவது விட்டுப்போயிருக்கும், இல்ல? நான் பாத்துக்கறேன். நீங்க அச்சுல இருக்கறதை மட்டும் வாசிங்க."

அக்கா என்று அந்த அம்மாள் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

தனபாக்கியம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்தாள். வந்திடுச்சா அம்மா, பொறு கண்ணு, பொறு. மழை பெய்தது, வெயில் அடித்தது, பல் விழுந்தது. பத்தாம் பக்கத்தைத் திருப்பியபோது முன்னால் நின்றவர்கள் விரிசலைப் பார்த்துவிட்டார்கள். "மூக்கு, மூக்கு" என்று யாரோ சொன்னார்கள். பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களின் தோளில் கை வைத்து எக்கினார்கள். வீராசாமி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கும்பிட்டார். அந்தச் சமயம் பார்த்துக் கோபிகா, நேற்று மிச்சம் பிடித்து வைத்திருந்ததைப் பாவாடை மடியிலிருந்து எடுத்து நீட்டி, "இந்தாங்க டீச்சர், பொரி" என்றாள். விரிசல் இன்னொரு கோடு ஓடியது. ஒரு துண்டு ஓடு உள்ளிருந்து தூக்கப்பட்டு நின்றது.

நூற்றுநாற்பது குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இன்ஜினியர் வாட்ச்சைப் பார்த்தார். மேடத்தின் கை தனபாக்கியத்தின் தோளில், ரவிக்கைத் துணி மேல், லேசாக இருந்தது.

தனபாக்கியம் அந்த மூக்கைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்துத்தான் திறந்திருந்தது, அடுத்த சொல்லுக்காக. அவளுக்கு அந்தச் சொல் தெரியும். அங்கே நின்ற அத்தனை பேரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"பொறு" என்றாள். இன்னொரு முறை, "பொறு" என்றாள். மேடத்தின் கை தோளை விட்டுப் போகும்வரை சொன்னாள். தூக்கி நின்ற ஓடு மெல்லத் தாழ்ந்து, தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கோடு மங்கியது. படம் பிடித்தார்கள், பாராட்டுப் பத்திரத்தை வீராசாமி கையில் கொடுத்தார்கள், அவர் அதை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"சரி, இன்னும் நாள் வரல போல" என்றார் கடைசியில். "மூக்கு தெரிஞ்சுதே, அதுவே பெரிசு." எல்லாரும் அதையும் ஏற்றுக்கொண்டு, மூக்கு சிவப்பா கறுப்பா என்று பேசியபடி கலைந்தார்கள்.

பிலோமி மட்டும் போகவில்லை. "ஏன்க்கா" என்றாள், அண்டாவைக் கழுவ உதவிக்கு வந்தவள்போல. "அந்தப் புள்ள ஒரு வார்த்தை சொன்னதும் திறந்துச்சு. நீ ஒரு வார்த்தை சொன்னதும் மூடுச்சு. நான் கோழி வளக்கிறவ, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா உனக்குத் தெரியுமில்ல?"

"அச்சுல அப்படித்தான் இருக்கு பிலோமி."

"அச்சுல" என்றாள் பிலோமி. அண்டாவைக் கழுவாமலே வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் தனபாக்கியம் தெருவில் போனால் அவள் வழிவிடவில்லை.

மறுநாள் காலை, கோபிகா வந்ததும் வராததுமாக மடியில் ஏறி உட்கார்ந்து காதோடு சொன்னாள். "டீச்சர், நான் பொரின்னு சொன்னா அது அசையுது. இன்னைக்கு எல்லாரும் சேந்து சொல்லலாமா?"

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"எங்கம்மாட்ட சொன்னேன். சாயந்தரம் வந்து பாக்கறேன்னுச்சு."

தனபாக்கியம் அவளை மடியிலிருந்து இறக்கிவிட்டுச் சோறு வடிக்கப் போனாள். அன்றைக்குப் பத்து மணிக்கு அவள் வாசிக்கவில்லை, தொண்டை கட்டிவிட்டது என்று சொன்னாள். மதியம் பிள்ளைகள் சாப்பிட்டுப் பாயில் வரிசையாகத் தூங்கினபின், ஒரு கைப்பிடி மைதாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டிப் பசையாக்கினாள். புத்தகத்தை ஒளித்து வைத்தால் எங்கே என்று கேட்பார்கள், கிழித்தால் ஏன் என்று கேட்பார்கள். பத்தாம் பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லை. அதைப் பின்னட்டையோடு சேர்த்து ஓரத்தில் ஒட்டிவிட்டால் வாசிப்பதில் ஒரு எழுத்து கூடப்போவதில்லை, குறையப்போவதும் இல்லை. யாராவது வந்து கேட்டால் பிள்ளைகள் கை பட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இதையெல்லாம் அவள் இரண்டு முறை யோசித்தாள், மூன்றாவது முறையும் யோசித்தாள். பிறகு விரலில் பசையை எடுத்து நாலு ஓரமும் இடைவெளி விடாமல் தடவி, தாளை அட்டையின் மேல் படியவைத்து, உள்ளங்கையால் அழுத்தினாள்.

தாளுக்கு அடியிலிருந்து அவள் உள்ளங்கையை ஏதோ கொத்தியது, மெதுவாக, ஒன்று, இரண்டு என்று. அவள் கையை எடுக்கவில்லை. கொத்துவது நின்றபின் புத்தகத்தின் மேல் அரிசி டின்னை நகர்த்தி வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய், பிள்ளைகள் விழித்தாலும் பரவாயில்லை என்று தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று இடிக்கிறாற்போலச் சத்தமாகக் கழுவ ஆரம்பித்தாள்.